மார்கழிக் குளிரில் சிறு விமான என்ஜினின் சூட்டைக் காப்பது

சேலத்துப் பனிக்காலத்தைக் குளிர்காலம் என்று சொன்னால் பஞ்சாபிலும் டெல்லியிலும் விமானம் ஓட்டுகிறவர்கள் சிரிக்கக்கூடும். ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 18 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். என்ஜினுக்கு வெளியிலிருந்து சூடேற்றிய பிறகே கிளப்ப வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் எல்லை இதைவிட வெகுதூரம் கீழே இருக்கிறது: லைகாமிங்கின் பெரும்பாலான என்ஜின்களுக்கு மைனஸ் 12 டிகிரி, கான்டினென்டல் என்ஜின்களுக்கு மைனஸ் 7 டிகிரி. ஆகவே வெளிச்சூடு நமக்குத் தேவைப்படாது. ஆனால் காற்றின் ஈரம், மேலே ஏறியதும் வரும் குளிர், சேர்வராயன் மலையைத் தாண்டியவுடன் அவசரமாக இறங்க வேண்டிய கட்டாயம் ஆகிய மூன்றும் நமக்கு உண்டு. இந்தக் குறிப்புகள் செஸ்னா 172 போன்ற, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் என்ஜின் கொண்ட விமானங்களுக்கானவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு அளவைச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

முதலில் எண்ணெய். ஒற்றைத் தர எஸ்.ஏ.இ. 50 எண்ணெயை (50 என்பது அதன் கெட்டித்தன்மையின் அளவு) லைகாமிங் ஏறத்தாழ 15 டிகிரிக்கு மேற்பட்ட காற்றுக்கே பரிந்துரைக்கிறது. சேலத்தில் ஆண்டு முழுவதும் அது போதும். அதே விமானத்தைத் தை மாதத்தில் வடக்கே கொண்டுபோவதாக இருந்தால், புறப்படுவதற்கு முன்பே குளிரிலும் எளிதாக ஓடும் 15டபிள்யூ-50 போன்ற பலதர எண்ணெய்க்கு மாற்றிக்கொள்வது நல்லது. போய்ச் சேர்ந்த ஊரில், விடியற்காலையில், கெட்டியான எண்ணெயோடு போராட வேண்டியிருக்காது.

என்ஜின் கிளம்பியதும் 30 விநாடிகளுக்குள் எண்ணெய் அழுத்த முள் எழ வேண்டும். எழாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். எழுந்தபின் 1,000 முதல் 1,200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை வைத்துப் பொறுத்திருக்க வேண்டும். சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, டீ குடித்து முடிக்கும்வரை அதை உறுமவிடாமல் ஓடவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இங்கும் அதுவேதான். பிஸ்டனும் சிலிண்டர் தலையும் அலுமினியம், சிலிண்டர் உருளை எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். குளிர்ந்த உருளைக்குள் பிஸ்டன் மட்டும் சட்டென்று சூடேறினால் இடைவெளி குறைந்து உராய்வு வரும். என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியை முன்னே தள்ளும்போது என்ஜின் தடுமாறாமல், எண்ணெய் அழுத்தம் விழாமல் வேகம் எடுத்தால், புறப்படும் அளவுக்குச் சூடாகிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது கார்புரேட்டர் பனி. பழைய 172 விமானங்களில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உண்டு. 172ஆர், 172எஸ் ரகங்களில் எரிபொருள் நேரடியாகப் பீச்சப்படுவதால் இந்தப் பத்தி அவற்றுக்குப் பொருந்தாது. பெட்ரோல் ஆவியாவதாலும் காற்று குறுகிய வழியில் விரைவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை வெளிக்காற்றைவிட 39 டிகிரி வரை குறைந்துவிடக்கூடும். அதனால்தான் வெளியே 20 டிகிரி இருக்கும் ஈரமான காலையில், கண்ணாடியில் ஒரு துளிப் பனிகூட இல்லாதபோதும், உள்ளே பனிக்கட்டி கட்டிவிடுகிறது. மைனஸ் 7 முதல் 21 டிகிரி வரையும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் ஆபத்து மிகுதி. ஏற்காட்டுச் சரிவில் மேகம் உட்கார்ந்திருக்கும் மார்கழிக் காலை இந்தக் கணக்குக்குள் அப்படியே அடங்கும்.

இதழ்களின் கோணம் மாறாத சுழலி (ப்ரொப்பெல்லர்) கொண்ட விமானத்தில் முதல் அறிகுறி, யாரும் த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம். மெல்ல இறங்குவது. உடனே, கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை முழுவதும் இழுத்துவிட வேண்டும். பாதி இழுத்தால் உருகிய நீர் சற்றுத் தள்ளிப் போய் மறுபடி உறையலாம். பிடியை இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் கொஞ்சம் விழும். பனி உருகி நீராக உள்ளே போகும்போது என்ஜின் இருமும், குலுங்கும். புதிய பைலட் பயந்து பிடியைத் திரும்ப உள்ளே தள்ளுவது இந்த இடத்தில்தான். தள்ளாதீர்கள். சில விநாடிகளில் குலுக்கம் அடங்கி, ஆர்.பி.எம். ஏறும், அந்த ஏற்றமே உள்ளே பனி இருந்ததற்குச் சான்று. இறங்கும்போது த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டை இழுத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தரையில் மட்டும் சிக்கனம் வேண்டும்: அந்தக் காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை, ஆகையால் புழுதியும் உள்ளே போகும்.

இனி இறக்கம். கிழக்கிலிருந்து 7,500 அடி உயரத்தில் வந்து ஏற்காட்டுக்கு மேல் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து காமலாபுரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர்) வேகத்தில் ஐந்தே நிமிடம். ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி, அதைச் சுற்றிப் பறக்கும் உயரம் 2,000 அடி. ஐந்து நிமிடத்தில் 5,500 அடி இறங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 1,100 அடி. த்ராட்டிலை மூடி மூக்கைத் தாழ்த்தாமல் அது முடியாது. அப்போது என்ஜினில் எரிவது குறைகிறது, அதன்மேல் பாயும் குளிர்காற்றோ கூடுகிறது. சிலிண்டர் தலையின் சூடு நிமிடத்துக்கு 50 டிகிரி பாரன்ஹீட், அதாவது 28 செல்சியஸுக்கு மேல் விழக்கூடாது என்பது லைகாமிங்கின் அறிவுரை. திடீர்க் குளிர்ச்சியால் சிலிண்டரில் உண்மையில் விரிசல் விழுகிறதா என்பதில் பைலட்டுகளிடையே நெடுங்கால வாதம் உண்டு. நான் அதில் பக்கம் சாய்வதில்லை. மெதுவாக இறங்குவதற்கு ஆகும் செலவு சில நிமிடம், சிலிண்டர் மாற்றுவதற்கு ஆகும் செலவு அப்படியல்ல.

மலையின் மேல் உயரத்தைக் குறைக்க இடமில்லை. சேர்வராயன் கோயில் உச்சியே 5,300 அடிக்கு மேல். எனவே மலையைத் தாண்டுவதை விட்டுவிட்டு, ஆத்தூரிலிருந்து சேலம் வரும் ரயில் தடத்தை ஒட்டி, மலையைத் தெற்கே சுற்றி, ஆத்தூர் தாண்டியதுமே நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கத் தொடங்குவதே என் வழக்கம். நிமிடத்துக்கு 100 ஆர்.பி.எம். என்ற அளவில் த்ராட்டிலைக் குறைத்து, மிக்சரையும் (காற்றில் கலக்கும் பெட்ரோலின் அளவு) அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகவே செறிவாக்குங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் அதுவும் குளிர்விக்கும். மலைமேல் வந்தே ஆக வேண்டியிருந்தால், சமவெளிக்கு வந்தபின் என்ஜின் சக்தியை மூடாமல் வட்டமிட்டு இறங்கலாம்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று: எண்ணெயில் சேரும் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகப் போனாலும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் புகையோடு கொஞ்சம் கீழே எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் போதிய சூடாகாவிட்டால் அது அங்கேயே தங்கி அமிலமாகும். லைகாமிங்கில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருப்பதால் விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் வடிந்து, அதுவே முதலில் துருப்பிடிக்கும். பறக்காத வாரங்களில் தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி வைப்பது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தண்ணீரைச் சேர்க்குமே தவிர வெளியேற்றாது. 30 நாளைக்கு ஒருமுறையாவது, எண்ணெய் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும்படி, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். எண்ணெய் வடிகட்டி உள்ள என்ஜினில் 50 மணிப் பறப்புக்கோ நான்கு மாதத்துக்கோ, எது முந்துகிறதோ அப்போது எண்ணெயை மாற்ற வேண்டும்.

இறங்கி நிறுத்திய பின், எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி அதன் மூடியின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு எண்ணெய்க்குப் பதில் மோர் போல் வெளிறிய பிசின் ஒட்டினால், அன்றைய பறப்பு போதவில்லை. அடுத்த முறை வானம் தெளிந்ததும் மேட்டூர் வரை போய்த் திரும்புங்கள்.