‘தி ஷாப்ஸ் நியர் தி பஸ் ஸ்டாண்ட்’: ஆங்கிலப் பன்மைக்குப் பின்னால் வருவதைப் பிடிப்பது எப்படி?

“பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைகள் எல்லாம் மூடியிருக்கு.”

இதை யோசிக்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். நிறைய பேர் ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று தொடங்கி, ‘நியர்’ என்று இழுத்து, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சொற்கள் எல்லாம் தெரியும், ஆனால் வரிசை வராது. இந்தப் பதிவு அந்த வரிசையைப் பற்றியது. பன்மைக்கு எஸ் சேர்ப்பது, இன், ஆன், அட், ஆஃப், வித் போன்ற ப்ரிபொசிஷன்களின் அடிப்படைப் பொருள் இவை தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: கடைசிச் சொல்லை முதலில் சொல்லுங்கள்

தமிழில் எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பெயர் கடைசியில்தான் வரும். ‘கடைகள்’ என்று சொல்வதற்கு முன்பே அது எங்கே இருக்கிற கடை என்று சொல்லி முடித்திருப்போம். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்து நின்றுகொள்ளும், விவரம் பின்னால் வரும். ஆகவே தமிழ்த் தொடரை வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள்.

பஸ் ஸ்டாண்டு, பக்கத்தில், கடைகள். திருப்பினால்: தி ஷாப்ஸ், நியர், தி பஸ் ஸ்டாண்ட்.

நீளமான தொடருக்கும் இதே கணக்குதான். ‘ஹாலில் இருக்கிற மேஜை மேல் உள்ள கடிதங்கள்’ என்பது ‘தி லெட்டர்ஸ் ஆன் தி டேபிள் இன் தி ஹால்’ ஆகும். கடிதம், மேஜை, ஹால் என்று அப்படியே தலைகீழ்.

உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான ஒரு தொடரிலேயே இதைப் பார்க்கலாம். பள்ளிப் பாடநூலில் அரசியலமைப்பின் முகப்புரையைப் படித்திருப்பீர்கள். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தமிழில் தொடங்கும். ஆங்கிலத்தில் ‘வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா’. தமிழில் இந்தியா, மக்கள், நாம். ஆங்கிலத்தில் நாம், மக்கள், இந்தியா. வரிசை எப்போதாவது குழம்பினால் இந்த ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும்.

படி 2: ‘இருக்கிற’ என்பதை விட்டுவிடுங்கள்

‘தி புக்ஸ் விச் ஆர் தேர் ஆன் தி டேபிள்’ என்று பேசுகிறவர்களை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கலாம். ‘மேஜை மேல் இருக்கிற புத்தகங்கள்’ என்பதில் உள்ள ‘இருக்கிற’ என்பதுதான் அங்கே ‘விச் ஆர் தேர்’ ஆகிவிட்டது. தமிழில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது. ‘மேஜை மேல் புத்தகங்கள்’ என்றால் தொடர் அந்தரத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் ‘தி புக்ஸ் ஆன் தி டேபிள்’ முழுமையான தொடர். ‘ஆன்’ என்ற சிறிய சொல்லே ‘மேல் இருக்கிற’ என்ற இரண்டையும் சுமந்துகொள்கிறது.

இது ‘இருக்கிற’ என்பதோடு நிற்பதில்லை. தமிழில் வெவ்வேறு சொல் போடுகிற இடங்களை எல்லாம் ஆங்கிலம் ப்ரிபொசிஷனிடம் விட்டுவிடுகிறது:

சிவப்புச் சட்டை போட்ட பையன்கள்: தி பாய்ஸ் இன் ரெட் ஷர்ட்ஸ்.
கண்ணாடி போட்ட பெண்கள்: தி விமென் வித் கிளாசஸ்.
சென்னையிலிருந்து வருகிற ரயில்கள்: தி ட்ரெயின்ஸ் ஃப்ரம் சென்னை.
பூனைகளைப் பற்றிய கதைகள்: ஸ்டோரீஸ் அபவுட் கேட்ஸ்.
குழந்தைகளுக்கான புத்தகங்கள்: புக்ஸ் ஃபார் சில்ட்ரன்.

போட்ட, வருகிற, பற்றிய, ஆன. ஆங்கிலப் பக்கத்தில் இவற்றுக்கென்று தனி வினை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சட்டைக்கு ‘இன்’, கண்ணாடிக்கு ‘வித்’. உடம்பு உள்ளே போகிற உடைக்கு ‘இன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

காலம் முக்கியம் என்றால் மட்டும் முழு வினையைக் கொண்டுவாருங்கள். ‘நேற்று மேஜை மேல் இருந்த புத்தகங்கள்’ என்றால் ‘தி புக்ஸ் தட் வேர் ஆன் தி டேபிள் எஸ்டர்டே’. இப்போது அவை அங்கே இல்லை என்பதை ‘வேர்’ தான் சொல்கிறது.

படி 3: எஸ் எங்கே போகும்?

கடையில் ‘ரெண்டு டீ’, ‘நாலு கிலோ அரிசி’, ‘பத்து மாம்பழம்’ என்றுதான் கேட்கிறோம். எண் முன்னால் இருந்தால் அஃறிணைப் பெயருக்குத் தமிழில் ‘கள்’ கட்டாயமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ‘டூ கப் ஆஃப் டீ’ வருகிறது. ஆங்கிலத்தில் எண்ணப்படுவது கப், அதனால் எஸ் அதற்குத்தான்: டூ கப்ஸ் ஆஃப் டீ, த்ரீ பாட்டில்ஸ் ஆஃப் வாட்டர், ஃபோர் கிலோஸ் ஆஃப் ரைஸ். உள்ளே இருப்பதும் எண்ணக்கூடியது என்றால் இரண்டுக்கும் எஸ் வேண்டும்: டூ பேக்கெட்ஸ் ஆஃப் பிஸ்கட்ஸ்.

மாமியார் விஷயமும் இதே விதிதான். இரண்டு மாமியார்கள் என்றால் ‘மதர்ஸ்-இன்-லா’. ஆனால் ‘மாமியாருடைய வீடு’ என்னும்போது உடைமையைக் காட்டும் எஸ் கடைசியில் ஒட்டும்: மதர்-இன்-லாஸ் ஹவுஸ். மொத்தமாக மாமனார் வீட்டு ஆட்களைச் சொல்ல ‘மை இன்-லாஸ்’ என்பார்கள். அது தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது.

படி 4: வினை யாரைப் பார்க்கும்?

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

தி கீஸ் டு தி ஹவுஸ் ஆர் இன் மை பேக்.
தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி.

முதல் வாக்கியத்தில் ‘ஹவுஸ்’ என்ற ஒருமைக்குப் பக்கத்தில் ‘ஆர்’ வருகிறது. இரண்டாவதில் ‘மேங்கோஸ்’ என்ற பன்மைக்குப் பக்கத்தில் ‘இஸ்’ வருகிறது. காதுக்கு இரண்டுமே தப்பு போலப் படும். ஆனால் வினை பக்கத்துச் சொல்லைப் பார்ப்பதில்லை, ப்ரிபொசிஷனுக்கு முன்னால் இருக்கிற பெயரைத்தான் பார்க்கிறது. சாவிகள் என்பதால் ‘ஆர்’, பெட்டி என்பதால் ‘இஸ்’.

நமக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? தமிழில் ‘மாம்பழப் பெட்டி கனமாக இருக்கு’ என்கிறோம். முக்கியமான பெயர் தொடரின் கடைசியில் வருவதால் அதற்கும் வினைக்கும் நடுவே போட்டிக்கு வேறு பெயர் வந்து நிற்பது அரிது. அதோடு பேச்சில் ‘சாவி இருக்கு’, ‘சாவிகள் இருக்கு’ இரண்டுக்கும் ஒரே ‘இருக்கு’தான். வினையை எண்ணோடு பொருத்திப் பார்க்கிற வேலையே அஃறிணையில் நமக்கு அதிகம் இருந்ததில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

செய்முறை எளிது. எழுதிய வாக்கியத்தில் ப்ரிபொசிஷனிலிருந்து வினைக்கு முந்தைய சொல் வரை விரலால் மறையுங்கள். ‘தி கீஸ் ... ஆர் இன் மை பேக்.’ ‘தி பாக்ஸ் ... இஸ் ஹெவி.’ மறைத்த பிறகும் பொருந்தினால் சரி.

அப்புறம் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ‘என் ஃப்ரெண்டு ஒருத்தன்’ என்று நினைத்துக்கொண்டு பேசுவதால் ஃப்ரெண்ட் ஒருமையிலேயே நின்றுவிடுகிறது. எழுத்துத் தமிழில் யோசியுங்கள்: ‘என் நண்பர்களில் ஒருவர்’. நண்பர்கள் பலர், அவர்களில் ஒருவர். ஆங்கிலமும் அதைத்தான் கேட்கிறது: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ். வினை அந்த ஒருவருக்கு: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர். பெயருக்கு எஸ், வினைக்கு ஒருமை, இரண்டும் ஒரே வாக்கியத்தில். பின்னால் வெறும் பெயர் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஒன் ஆஃப் பாய்ஸ்’ கிடையாது, ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ்’. ஃப்ரெண்டு ஒருத்தன் என்றேதான் சொல்ல வேண்டும் என்றால் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ இருக்கிறது, அழகான தொடர்.

விரல் வித்தை செல்லாத இடமும் உண்டு. ‘எ லாட் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’ போன்றவை அளவைச் சொல்பவை. இவற்றில் வினை பின்னால் இருக்கிற பெயரைப் பார்க்கும். மோஸ்ட் ஆஃப் தி ரைஸ் இஸ், மோஸ்ட் ஆஃப் தி பாய்ஸ் ஆர். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர்’ என்றால் பல மாணவர்கள். ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ்’ என்றால் மாணவர்களின் எண்ணிக்கை. முன்னால் ‘எ’ இருக்கிறதா ‘தி’ இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 5: எந்த ப்ரிபொசிஷன்?

இதற்கு விதி தேடி அலையாதீர்கள். பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். விலை ஏறியதற்கான காரணங்கள் என்றால் ‘ரீசன்ஸ் ஃபார்’, கேள்விகளுக்கான பதில்கள் என்றால் ‘ஆன்சர்ஸ் டு’. தமிழில் இரண்டும் ‘ஆன’தான், ஆங்கிலத்தில் வேறு வேறு. விலையில் வந்த மாற்றங்கள் ‘சேஞ்சஸ் இன்’.

ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டும் லாங்மனும் நடத்துகிற அகராதித் தளங்களைப் பயன்படுத்துங்கள், இலவசம். ஒரு பெயரைத் தேடினால் அதோடு வருகிற ப்ரிபொசிஷனையும் எடுத்துக்காட்டோடு காட்டும். இலக்கணப் பிழை திருத்துகிற செயலிகளை ஆரம்பத்தில் தவிர்க்கவே சொல்வேன். அவை தவற்றைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும், உங்கள் வாய்க்கு அது பழகாது. ஐந்து வாக்கியத்தை நோட்டில் எழுதி உரக்கப் படிப்பதில் கிடைப்பது அதில் கிடைக்காது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

‘ஐ சா தி பாய்ஸ் வித் தி பைனாகுலர்ஸ்’ என்றால் பைனாகுலர் யாரிடம்? என்னிடமா, பையன்களிடமா? இரண்டு பொருளும் வரும். தமிழில் ‘பைனாகுலர் வழியாக’, ‘பைனாகுலர் வைத்திருந்த’ என்று பிரிந்துவிடுவதால் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. குழப்பம் வரும் என்று தோன்றினால் இங்கே மட்டும் நீட்டிச் சொல்லுங்கள்: ‘தி பாய்ஸ் ஹூ ஹேட் பைனாகுலர்ஸ்’. பைனாகுலர் உங்களிடம் இருந்தால் ‘யூசிங் மை பைனாகுலர்ஸ்’.

இன்னொன்று, ‘நியர்பை’. ‘நியர்பை தி பஸ் ஸ்டாண்ட்’ என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. பின்னால் இடத்தின் பெயர் வந்தால் ‘நியர்’ மட்டும்தான். ‘நியர்பை’ இங்கே வெறும் அடைமொழி. ‘ரெட் ஷர்ட்ஸ்’ என்பதில் ‘ரெட்’ போல, தமிழில் வருகிற அதே வரிசையில் பெயருக்கு முன்னால் வரும்: நியர்பை ஷாப்ஸ், பக்கத்துக் கடைகள்.