14 கிலோ பெட்டி இடுப்பை ஏன் பிடிக்கிறது? டேப்பும் கால்குலேட்டரும் வைத்துக் கணக்கிடும் முறை

பேக்கிங் பகுதியில் யாராவது இடுப்பு வலி என்றால், "14 கிலோ பெட்டிதானே!" என்று சொல்லிவிடுவார்கள். பெட்டி உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை என்பதையும் சேர்த்துக் கணக்கிட, அமெரிக்காவின் நியோஷ் (பணிப் பாதுகாப்பு, உடல்நல) ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய வாய்ப்பாடு ஒன்று உண்டு. எல்லாம் கச்சிதமாக அமைந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று அது தொடங்குகிறது. ஒவ்வொரு குறைக்கும் அந்த 23 கரையும்.

படி 1: அளப்பது

வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளங்கள். "தூக்கிக் காட்டுங்க அண்ணே" என்றால், உங்களுக்காக முழங்காலை மடக்கி அழகாகத் தூக்கிக் காட்டுவார்.

- தள்ளியிருக்கும் தூரம்: இரு கணுக்கால்களின் நடுவிலிருந்து, பிடித்த கைகளின் நடு வரை, தரைமட்டமாக. பெட்டியின் விளிம்பு வரை அளந்து ஏமாறுபவர்களே அதிகம்.
- எடுக்கும்போது தரையிலிருந்து கையின் உயரம்.
- எடுத்த உயரத்துக்கும் வைக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்.
- எடுக்கும்போது உடம்பு எத்தனை டிகிரி திரும்புகிறது.
- 15 நிமிடம் எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை முறை.
- எடை: லேபிளில் உள்ள நிகர எடை வேண்டாம், தராசில் வையுங்கள்.

படி 2: எண்ணாக மாற்றுவது

தரையில் கிடக்கும் பேலட்டிலிருந்து (பெட்டிகளை அடுக்கும் தட்டு) மேசைக்கு, நிமிடத்துக்கு 2 பெட்டி, முழு ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம்.

- தூரம் 40 செ.மீ.: 25 ÷ 40 = 0.625. (25-க்குக் கீழே வந்தாலும் 25 என்றே போடுங்கள். 63-ஐத் தாண்டினால் தூக்கவே கூடாது.)
- கை உயரம் 30 செ.மீ.: உகந்த உயரமான 75-இலிருந்து 45 விலகல். 1 − (0.003 × 45) = 0.865.
- தூக்கும் உயரம் 75 செ.மீ.: 0.82 + (4.5 ÷ 75) = 0.88.
- 45 டிகிரி திருப்பம்: 1 − (0.0032 × 45) = 0.856.
- முழு ஷிஃப்டுக்கு, நிமிடத்துக்கு 1 முறை என்றால் 0.75, 2 என்றால் 0.65, 4 என்றால் 0.45.
- பிடி: நல்ல கைப்பிடித் துளை 1, அடியில் விரல் மடக்கிப் பிடித்தால் 0.95, பிடியே இல்லையென்றால் 0.90.

23-ஐ இவை எல்லாவற்றாலும் பெருக்கினால் (பிடிக்கு 0.95) சுமார் 5.8 கிலோ; இந்த நிலையில் தூக்கலாம் என்று வரும் எடை அதுதான். 14 ÷ 5.8 = 2.4. இந்த விகிதம் 1-ஐத் தாண்டினாலே கவனம் தேவை.

படி 3: சரிசெய்வது

பேலட்டை 45 செ.மீ. உயர்த்துங்கள். சிசர் லிஃப்ட் மேசை (ஏற்றி இறக்கக்கூடிய மேசை) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூன்று காலிப் பேலட்டுகளை அசையாமல் கட்டி அதன்மேல் வைக்கலாம். ஆனால் ஹேண்ட் பேலட் டிரக் (பேலட்டைத் தூக்கி நகர்த்தும் கைவண்டி) அவ்வளவு உயரம் ஏற்றாது, அதைவிட உயரமாக ஏற்றும் ஸ்டாக்கர் வேண்டும். கடைசி அடுக்கின் பெட்டிக்குத்தான் உயரத்தை அளக்க வேண்டும். மேல் அடுக்கை அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

பேலட்டைச் சுற்றி நடக்க இடம் விடுங்கள். எந்தப் பெட்டியையும் அதன் பக்கமிருந்தே எடுத்தால் தூரம் 30-க்கு வந்துவிடும்.

நடை மிச்சம் என்று மேசையைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதனால்தான் காலை நகர்த்தாமல் இடுப்பைத் திருப்புகிறார்கள். ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள், கால் தானாக நகரும், திருப்பம் பூஜ்யம்.

மறுபடி கணக்கு: 23 × 0.833 × 1 × 0.97 × 1 × 0.65 × 1. (தூக்கும் உயரம் 75-இலிருந்து 30 செ.மீ. ஆகக் குறைவதால் 0.97. கை 75 செ.மீ. உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த 0.95 பிடியும் 1 ஆகிவிடும்.) விடை 12.1 கிலோ, விகிதம் 1.16. இன்னொருவரைச் சேர்த்து மாறி மாறி எடுக்கவிட்டால் ஆளுக்கு நிமிடத்துக்கு ஒன்றுதான், 0.75 போட்டால் 13.9 கிலோ.

இடுப்பு பெல்ட்டுக்கு இந்த வாய்ப்பாட்டில் இடமே இல்லை. அதை வாங்கும் பணத்தை லிஃப்ட் மேசைக்குச் சேருங்கள். ஒற்றைக் கையால் தூக்குவது, உட்கார்ந்தோ மண்டியிட்டோ தூக்குவது, தள்ளுவண்டி இழுப்பது, வழுக்கும் தரை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.