மல்யுத்தத்திலிருந்து எம்எம்ஏ கூண்டுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜூலை 6, லாஸ் வேகஸ். மணி அடிப்பதற்கு முன் ஹோர்ஹே மாஸ்விடால் கூண்டில் சாய்ந்தபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே பென் ஆஸ்க்ரன். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய மல்யுத்த வீரர். எம்எம்ஏவில், அதாவது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையில், அதுவரை ஒரு தோல்விகூட இல்லை, 19 வெற்றிகள். மணி அடித்தது. மாஸ்விடால் பக்கவாட்டில் ஓரிரண்டு அடி நிதானமாக நடந்து, சட்டென்று ஓடிவந்தார். ஆஸ்க்ரன் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் அப்போதும் செய்தார்: காலைப் பிடிக்கக் குனிந்தார். குனிந்த தலைக்கு நேராக முழங்கால் பறந்து வந்தது. ஐந்தே நொடியில் ஆட்டம் முடிந்தது. எம்எம்ஏவின் பெரிய போட்டி அமைப்பான யுஎஃப்சியின் வரலாற்றில் இதைவிட வேகமான நாக்அவுட் கிடையாது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாஸ்விடால் அந்த ஓட்டத்தையும் முழங்காலையும் முன்கூட்டியே பயிற்சியில் செய்து பார்த்தவர். மல்யுத்த வீரர் குனிவார் என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) பழகிய நல்ல பழக்கம் ஒன்றைத்தான் அவர் குறிவைத்தார். மல்யுத்தத்திலிருந்து எம்எம்ஏவுக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகை. தெரியாததால் வரும் தவறுகள் குறைவு. நன்றாகத் தெரிந்த ஒன்று வேறு விதிகளின் கீழ் ஆளைக் காட்டிக்கொடுப்பதுதான் அதிகம்.

முதுகைக் கொடுப்பது

நான் முதலில் சொல்ல விரும்பும் தவறு இது. மல்யுத்தத்தில் இரண்டு தோள்பட்டையும் மேட்டில் பட்டால் தோல்வி. மல்லாந்து விழுவதைப் போல் அபாயம் வேறில்லை. அதனால் கீழே விழும் மல்யுத்த வீரர் யோசிப்பதற்கு முன்பே அவருடைய உடல் குப்புறத் திரும்பிவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஊறிய பழக்கம் அது.

கூண்டில் கணக்கு அப்படியே தலைகீழ். மல்லாந்து கிடந்தால் கையும் காலும் எதிராளிக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும், தற்காக்கலாம், எழவும் வழி தேடலாம். குப்புறத் திரும்பினால் எதிராளி முதுகில் ஏறுவார், கால்களை இடுப்பில் கொக்கி போடுவார், முன்கை தாடைக்கு அடியில் நுழையும். அதுதான் ரியர் நேக்கட் சோக். கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் சரியாக அமுங்கினால் சில நொடிகளில் நினைவு போய்விடும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இதில் தசை உதவாது.

இதற்கு மருந்து, எழும் முறையை முதலிலிருந்து கற்பதுதான். இடுப்பை எதிராளி பக்கமாகத் திருப்பி, அவருடைய அக்குளுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, முதுகைக் கூண்டுச் சுவரில் தேய்த்தபடி ஏறுவது. சலிப்பான வேலைதான், தினமும் செய்ய வேண்டும். கூண்டுச் சுவரே மல்யுத்த வீரருக்குப் புதிது என்பதையும் மறக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைல் என்ற ஒலிம்பிக் மல்யுத்த வகையில் ஆளை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி கிடைக்கும். இங்கே தள்ளினால் சுவரில் போய் முட்டுவார், அந்தச் சுவரையே பிடிமானமாக வைத்து எழுந்தும் விடுவார்.

தலையை எங்கே வைக்கிறோம்

இரட்டைக் கால் பிடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வீரர் உள்ளே பாய்கிறார், தோள் எதிராளியின் வயிற்றில், கைகள் இரண்டும் முழங்காலுக்குப் பின்னால். தலை எதிராளியின் இடுப்புக்கு வெளிப்பக்கம் போகிறது. மேட்டில் இதில் பெரிய ஆபத்து இல்லை. கூண்டில் அந்த நிமிடமே எதிராளியின் கை கழுத்தைச் சுற்றி வந்துவிடும். மல்யுத்த வீரரின் இயல்பு என்ன? இன்னும் வேகமாக முன்னால் தள்ளுவது. அப்படித் தள்ளத் தள்ளக் கழுத்து அந்தக் கைக்குள் இறுகும். எதிராளி பின்னால் விழுவார், கால்களால் இடுப்பைப் பூட்டுவார், கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்பு முடிந்தது. கீழே சாய்த்தவர் இவர், கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்பவரும் இவரே.

தலையை எதிராளியின் நெஞ்சோடு உள்பக்கம் ஒட்டி வைக்க வேண்டும், பார்வை மேலே இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால், தலை சிக்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடலை நகர்த்தி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இதை, தரைப் பிடிகளின் கலையான ஜூ-ஜிட்சு கோச்சிடம் போய்க் கற்பதற்குச் சிலருக்குக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை. ‘தரையில் எனக்கு யார் சொல்லிக்கொடுப்பது’ என்ற எண்ணம். ரிது போகட்டை நினைத்துப் பாருங்கள். 2017இல் 23 வயதுக்குட்பட்டோர் உலக மல்யுத்தப் போட்டியில் வெள்ளி வென்றவர். 2019 நவம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ அமைப்பில் முதல் ஆட்டத்தை முதல் சுற்றிலேயே முடித்தவர். 2021 டிசம்பரில் அதன் கிராண்ட் பிரீ தொடரின் இறுதி வரை வந்துவிட்டார், இரண்டே வருடத்தில். அங்கே அவரைத் தோற்கடித்த ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், குத்தும் உதையுமான முய் தாய், கிக்பாக்ஸிங் பட்டங்கள் வென்றவர். அடித்து வீழ்த்தவில்லை. ஆர்ம்பாரில் கையைப் பூட்டி ஜெயித்தார். அடுத்த ஆண்டு டிஃபனி டியோவிடம் தோற்றதும் கழுத்து நெரிப்பில்தான். ரிதுவின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை, அவருடைய துணிச்சல் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. தரையில் ஆளைக் கொண்டுபோவது ஒரு கலை, தரையில் முடிப்பதும் தப்பிப்பதும் தனிக் கலைகள். அதற்கு வருடக்கணக்கில் நேரம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாய்த்துவிட்டு என்ன செய்வது?

மல்யுத்தத்தில் டேக்டவுன், அதாவது எதிராளியைக் கீழே சாய்ப்பது, விழுந்தால் புள்ளி உறுதி. எம்எம்ஏவில் டேக்டவுனுக்கென்று தனிப் புள்ளி கிடையாது. பொது விதிகளின்படி நடுவர்கள் முதலில் பார்ப்பது, அடியோ பிடியோ எவ்வளவு தாக்கத்தை உண்டாக்கியது என்பதை. சாய்த்துவிட்டுச் சும்மா மேலே படுத்திருந்தால், கீழே கிடப்பவர் முழங்கையால் நாலு அடி கொடுத்து அந்தச் சுற்றைப் பறித்துவிடலாம்.

இந்த இடத்தில் முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் கபீப் நூர்மகமெதோவை எவ்வளவு பார்த்தாலும் தகும். எதிராளியைக் கூண்டுச் சுவரோரம் உட்கார வைப்பார். தன் கால்களால் அவருடைய கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார். எழுவதற்காக அவர் தரையில் ஊன்றும் கையின் மணிக்கட்டை முதுகுப்பக்கமாகச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். ஊன்றக் கை இல்லை, நிமிரக் கால் இல்லை. மிச்சம் இருக்கும் தன் ஒரு கையால் குத்த ஆரம்பிப்பார். அதில் ஒவ்வோர் அசைவும் பிடிக்கும் அடிக்கும் சேர்த்தே யோசித்தது. 29 ஆட்டம், 29 வெற்றி என்று 2020 அக்டோபரில் விலகினார்.

நின்று ஆடும்போது

மல்யுத்த நிலையில் உடல் தாழ்ந்திருக்கும், பாரம் முன்காலில் இருக்கும். எதிராளிக்கு இது விருந்து. பாரம் ஏறிய காலைத் தூக்கித் தடுக்க நேரம் இருக்காது, கெண்டைக்காலில் நாலைந்து உதை விழுந்தால் பாயும் வேகமே போய்விடும். தாழ்ந்த தலைக்கு, கீழிருந்து மேலே வரும் குத்தான அப்பர்கட்டும் முழங்காலும் காத்திருக்கும். தூரத்திலிருந்து வெறுங்கையோடு காலுக்குப் பாய்வதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் ஜோர்ஜ் சான் பியர் போட்டி மல்யுத்தம் ஆடி வளர்ந்தவரே இல்லை, கராத்தேவிலிருந்து வந்தவர். ஆனாலும் பெரிய பெரிய மல்யுத்த வீரர்களை அவர் சாய்த்தார். காரணம், ஜாப் என்ற நேர்க்குத்துக்குப் பின்னால் டேக்டவுனை ஒளித்துவைக்கத் தெரிந்திருந்தது. எதிராளி முகத்தைக் காக்கக் கையைத் தூக்கிய நொடியில் இவர் இடுப்பில் இருப்பார்.

ஹென்றி செகுடோவின் கதையும் இதுதான், இன்னும் அழகாக. 21 வயதில் பெய்ஜிங்கில் 55 கிலோ பிரிவில் ஒலிம்பிக் தங்கம். 2016 ஏப்ரலில் டெமட்ரியஸ் ஜான்சனோடு பட்டத்துக்கு ஆடியபோது, கட்டிப்பிடித்து நிற்கும் நிலையில், அதாவது மல்யுத்த வீரரின் சொந்த வீட்டில், வயிற்றில் முழங்கால் இடி வாங்கி மூன்று நிமிடத்துக்குள் சரிந்தார். ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அதற்கப்புறம் போய்ப் புதிய மாணவனாக உட்கார்ந்தார். நிற்கும் நிலையையே மாற்றினார். கராத்தே வீரரைப் போல நிமிர்ந்து, அகலமாக, உள்ளே வெளியே நகரும் நிலை. 2018 ஆகஸ்டில் அதே ஜான்சனோடு ஐந்து சுற்று ஆடி, நடுவர் மூவரில் இருவரின் தீர்ப்பில் பட்டத்தை எடுத்தார். தொடர்ந்து 11 முறை பட்டத்தைக் காத்தவர் ஜான்சன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. குத்துச் சண்டை பழகிய மல்யுத்த வீரர், முதல் நாக்அவுட் கிடைத்ததும் கைகளின் மேல் காதல் கொண்டுவிடுவார். டேனியல் கார்மியர் 2018 ஜூலையில் ஸ்டீபே மியோசிச்சை முதல் சுற்றில் வலது கையால் வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு மறுஆட்டத்தின் முதல் சுற்றில் மியோசிச்சைத் தோளில் தூக்கிச் சாய்த்து ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தார். அப்புறம் பெரும்பாலும் நின்றபடி குத்துக்குக் குத்து என்றே போனார். நான்காம் சுற்றில் மியோசிச் இடது கையால் விலாவில் மீண்டும் மீண்டும் அடிக்க ஆரம்பித்தார், பட்டம் போனது. எனக்கு மிகவும் பிடித்த வீரர் கார்மியர். அந்த ஆட்டத்தை இன்றும் மனசு வலிக்காமல் பார்க்க முடிவதில்லை.

மூச்சு

ஃப்ரீஸ்டைல் ஆட்டம் மூன்று நிமிடமாக இரண்டு பகுதிகள், நடுவே 30 நொடி. எம்எம்ஏவில் ஐந்து நிமிடமாக மூன்று சுற்றுகள், பட்ட ஆட்டமானால் ஐந்து. ஆறு நிமிடத்தில் மொத்தத்தையும் கொட்டிப் பழகிய உடல் ஏழாவது நிமிடத்தில் என்ன செய்யும்? 1997 ஜூலையில் மல்யுத்த வீரர் மார்க் கோல்மன் இதைக் கண்டார். மொரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்ஸரை அவர் எளிதாகச் சாய்த்தார், மேலே ஏறி அடித்தார். ஸ்மித் கீழே பொறுமையாகக் காத்திருந்தார். கோல்மனுக்கு மூச்சு தீர்ந்தது. 21 நிமிட ஆட்டத்தின் முடிவில் ஸ்மித் வென்றார். எல்லாப் பிடிக்கும் முழு பலம் தேவையில்லை. எங்கே தளர்த்துவது என்று கற்பதும் பயிற்சிதான்.

எடை குறைப்பு

இதில் மட்டும் நான் கடுமையாகப் பேசுவேன். மல்யுத்த வீரர்களுக்கு உடலிலிருந்து நீரை வற்றவைத்து எடையிறக்குவது சின்ன வயதுப் பழக்கம், அதில் ஒரு பெருமையும் உண்டு. எம்எம்ஏவில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள், திரும்ப ஏற்ற நேரம் இருக்கிறதே என்று இன்னும் கூடுதலாக இறக்கத் துணிகிறார்கள். கார்மியர் 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்க மல்யுத்த அணியின் கேப்டன். எடை குறைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து ஓர் ஆட்டம்கூட ஆடாமல் விலகினார். செகுடோவும் 2014இல் எடைக் குறைப்பால் உடல்நிலை கெட்டு யுஎஃப்சியில் தன் முதல் ஆட்டத்தையே ஆட முடியாமல் போனார். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது வீரர் எடை குறைக்கும்போது இறந்தே போனார். அதன்பின் ஒன் சாம்பியன்ஷிப் நீரை வற்றவைத்து எடையிறக்கும் முறையைத் தடை செய்து, உடலின் நீர்ச்சத்தையும் பரிசோதிக்கத் தொடங்கியது.

மேட்டில் வற்றிய உடலோடு ஆடினால் களைப்பு. இங்கே அதே உடலோடு தலையில் குத்து வாங்க வேண்டும். சாதாரண நாளில் உங்கள் எடை என்ன, அதற்குப் பக்கத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்த்து அதில் ஆடுங்கள். உயரமான எதிராளி கிடைப்பார், பரவாயில்லை. கார்மியர் ஹெவிவெயிட்டில் குட்டையானவர்தான்.

அவசரம், அணி, ஒப்பந்தம்

பெயர் பெற்ற மல்யுத்த வீரர் என்றால் முதல் ஆட்டத்துக்கே கூட்டம் வரும். அதனால் ஏற்பாட்டாளர்கள் பெரிய எதிராளியைச் சீக்கிரம் காட்டுவார்கள். பிராக் லெஸ்னர் தன் இரண்டாவது எம்எம்ஏ ஆட்டத்திலேயே முன்னாள் சாம்பியன் ஃபிராங்க் மிரைச் சந்தித்தார். கீழே சாய்த்து அடித்துக்கொண்டிருந்தவர் முழங்கால் பூட்டில் மாட்டி 90 நொடியில் தட்டினார். அவருக்கு இருந்த உடம்புக்கும் பெயருக்கும் மீண்டும் வாய்ப்பு கிடைத்தது, அதே ஆண்டு பட்டமும் வென்றார். எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது. சின்ன மேடைகளில் வெவ்வேறு பாணிக்காரர்களோடு ஆடிப் பார்க்காமல் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் உங்களை அடிக்கக்கூடிய ஆட்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள். எல்லாரையும் நீங்களே சாய்க்கும் ஜிம்மில் சந்தோஷம் கிடைக்கும், பாடம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் முழு பலத்தில் தலையில் அடி வாங்கும் ஸ்பாரிங்கும் வேண்டாம். மல்யுத்தத்தில் தினமும் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்யலாம், தலையில் குத்து விழாது. இங்கே அப்படி முடியாது.

ஒப்பந்தத்தில் கூண்டில் இறங்குவதற்கு ஒரு தொகை, வென்றால் இன்னொரு தொகை என்று பிரித்திருப்பார்கள். இரண்டையும் கூட்டி வருமானம் என்று கணக்குப் போடாதீர்கள். கோச்சின் பங்கு, மேலாளரின் பங்கு, வரி, மருத்துவச் செலவு எல்லாம் போய்க் கையில் என்ன நிற்கும் என்று இறங்குவதற்கான தொகையை மட்டும் வைத்துப் பாருங்கள். காயத்துக்கு யார் பொறுப்பு, எத்தனை ஆட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறீர்கள், வேறு மேடையில் ஆட அனுமதி உண்டா என்ற மூன்று வரிகளையும் கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர் படித்திருக்க வேண்டும்.

அப்புறம் உடம்பு. ஒரு மல்யுத்த வீரர் எம்எம்ஏவுக்குள் நுழையும்போதே அவருடைய கழுத்து, முழங்கால், இடுப்பு எல்லாம் பத்து வருடம் உழைத்திருக்கும். ஆஸ்க்ரன் அந்த ஐந்து நொடித் தோல்விக்குப் பிறகு இன்னும் ஒரே ஓர் எம்எம்ஏ ஆட்டம் ஆடினார், அதிலும் கழுத்து நெரிப்பில் தோல்வி. அடுத்த மாதமே ஓய்வை அறிவித்தார். இடுப்பு மூட்டை மாற்ற வேண்டிய நிலையில் இருந்தார். முதல் ஆட்டத்துக்குத் தேதி வாங்குவதற்கு முன் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் போய் மூட்டுகளையும் கழுத்து எலும்பையும் ஸ்கேன் எடுத்துக் காட்டிவிடுங்கள்.