பழைய அம்பாசிடருக்கு 1.8 இசுசு இன்ஜின்: கழற்றுவதற்கு முன் திட்டமிடும் முறை

1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசிடரில் 1817 சி.சி. இசுசு இன்ஜினைப் பூட்ட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி இன்ஜினையும் பொருத்தித் தரும் பட்டறைகள் உண்டு என்றாலும், அம்பாசிடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தானே தன் கான்டெஸா காரிலும் பிந்தைய அம்பாசிடரிலும் வைத்து விற்ற இன்ஜினையே நான் பரிந்துரைப்பேன்.

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் எண் ஆர்.சி.யோடு (பதிவுச் சான்றோடு) பொருந்த வேண்டும் என்பதால், ரசீது இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) பார்த்து, கியர் பாக்ஸ், கிளட்ச், மவுண்டிங், ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்னாக்கி) ஆகியவற்றோடு ஒரே செட்டாக வாங்குங்கள்.

பலரும் தடுமாறும் இடம், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட். கியர் பாக்ஸ் மாறுவதால் பழைய ஷாஃப்டின் நீளத்தை நம்ப முடியாது. புது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஏந்தும் தாங்கிகளைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, ஆயில் சம்ப் எங்கும் இடிக்கவில்லை, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடைவெளி இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகு, வண்டியைச் சமதளத்தில் நான்கு சக்கரங்களிலும் இறக்கி வைத்தே அளவெடுக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது பின் ஆக்ஸில் கீழே தொங்கி, பட்டை ஸ்பிரிங் தளர்ந்து, அளவு மாறிவிடும். ஷாஃப்டின் முனையில் கியர் பாக்ஸுக்குள் முன்பின் நகரும் ஸ்லிப் யோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, அங்கிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்த நிலையில் அளவைக் குறியுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஷாஃப்ட் கியர் பாக்ஸை முட்டும். இன்ஜினின் கோடும் பின் ஆக்ஸிலின் நடுவில் ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் பினியனின் கோடும் இணையாக இருக்கின்றனவா என்று கோணமானியால் பாருங்கள். இல்லையேல் வேகத்தில் வண்டி அதிரும். இவையெல்லாம் சரியான பிறகே தாங்கிகளை முழுதாக வெல்டிங் செய்து, ஷாஃப்டை லேத் பட்டறையில் வெட்டி, பேலன்ஸ் செய்ய வேண்டும்.

இன்ஜினைத் தூக்க, விட்டத்தில் கட்டும் செயின் பிளாக்கைவிட வாடகை ஹைட்ராலிக் கிரேனே மேல். தொங்கும் இன்ஜினை முன்னும் பின்னும் விரற்கடை அளவு நகர்த்த அதில்தான் முடியும்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ உள்ள வண்டி வைத்திருக்கும் சிலர் கேட்டதால் பின்னர் சேர்த்தது: மிகப் பழைய அம்பாசிடர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் முனையே பாடிக்குச் செல்ல வேண்டும். மாற்றாமல் இணைத்தால் அதன் டையோடுகள் உடனே கருகிவிடும். பேட்டரியைத் திருப்பும்போது, அம்மீட்டர் இணைப்புகளையும் இடம் மாற்றுங்கள்.