சைலன்ஸர் மாற்றப் போகிறீர்களா? சட்டத்தில் பலரும் வழுக்குகிற இடங்கள்

பைக்கின் சைலன்ஸரை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டெசிபெல் வரைக்கும் விடுவாங்க?" என்பதைத்தான். அது பாதிக் கேள்வி. பல நாடுகளின் சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று, சத்தம் எவ்வளவு. இரண்டு, கம்பெனி கொடுத்த அமைப்பில் கை வைத்திருக்கிறார்களா. முதலாவதில் தேறிய வண்டி இரண்டாவதில் மாட்டலாம்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சத்தக் கட்டுப்பாட்டை மீறினால் தண்டனை 190-வது பிரிவின் 2-வது உட்பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை சிக்கினாலே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியும் போகும். பிரிட்டனில் 1986-ம் ஆண்டு வாகன விதிகளின் 54-வது விதி, சைலன்ஸரை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், சத்தம் கூடும்படி மாற்றக் கூடாது என்கிறது. "மீட்டர் வைத்து அளக்கவே இல்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

அடுத்த தவறு, செல்போன் ஆப்பில் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பது. போனின் மைக் அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவி கிடையாது. அதைவிட முக்கியம், எங்கே வைத்து அளக்கிறோம் என்பது. நிறுத்திய வண்டியைச் சோதிக்கும் பரவலான முறையில், மைக்கைப் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் வைத்து, எஞ்சினைக் குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் பிடிக்கிறார்கள். ஓடும் வண்டிக்கான சோதனையில் மைக் 7.5 மீட்டர் தள்ளி நிற்கும். வண்டி அதைக் கடக்கும்போது ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகுவார்கள். இரண்டிலும் வரும் எண்களை ஒப்பிடவே கூடாது. 95 என்று ஒரு சட்டத்திலும் 80 என்று இன்னொன்றிலும் பார்த்துவிட்டு, முதலாவது தாராளமானது என்று முடிவு கட்டுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். அப்புறம், "மூணு டெசிபெல்தானே கூடியிருக்கு" என்பதும் சரியில்லை. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 10 கூடினால் காதுக்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே, அப்படியானால் சட்டப்படி சரிதானே? இல்லை. பல சைலன்ஸர்களின் பெட்டியிலேயே 'பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்ற சைலன்ஸரில் 'ஈ' முத்திரையும் அங்கீகார எண்ணும் பொறித்திருக்கும். அந்த அங்கீகாரமும் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டுமே. ஒரு பைக்குக்குச் சரியானது இன்னொன்றுக்குச் செல்லாது. முத்திரை இருக்கும் சைலன்ஸரின் வாயிலிருந்து 'டிபி கில்லர்' என்ற சிறு அடைப்பைக் கழற்றிவிட்டால், முத்திரை இருந்தும் பயனில்லை. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றுகிற வேலை அது. அதனாலேயே சோதனை செய்பவர்களில் பலர் முதலில் குனிந்து பார்ப்பதும் குழாயின் வாயைத்தான்.

"சத்தம் இருந்தால்தான் மற்ற வண்டிக்காரர்கள் கவனிப்பார்கள், அது பாதுகாப்பு" என்று மனதார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: குழாய் பின்னால் பார்த்தபடி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியான ஹர்ட் அறிக்கையின்படி, முக்கால்வாசிக்கு மேற்பட்ட ஆபத்துகள் ஓட்டுபவருக்கு நேர் முன்னால், இருபுறமும் 45 டிகிரிக்குள்தான் இருந்தன. முன்னால் வருகிற காருக்குத் தெரிய ஹெட்லைட்டும் பளிச்சென்ற உடையும் உதவும். பின்னால் அதிரும் குழாய், தூங்க முடியாமல் புரளும் நோயாளியையும் கைக்குழந்தையையும்தான் எழுப்புகிறது. இதை உரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறவர்கள் அந்த வீட்டுக்காரர்களின் உரிமையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எதையும் மாற்றாதவர்களும் சிக்கலாம். பல சைலன்ஸர்களுக்குள் சத்தத்தை உறிஞ்ச நார்ப் பொருள் அடைத்திருக்கும். சூட்டில் அது நாளடைவில் கருகி உதிர்ந்துவிடும். துருவால் விழும் சின்ன ஓட்டையும் இதே வேலையைச் செய்யும். சத்தம் மெல்ல மெல்லக் கூடுவதால் தினமும் ஓட்டுபவர் காதுக்கு அது தெரியாது. பராமரிக்காததும் விதிமீறல்தான், 'நான் ஒண்ணும் பண்ணலை' என்பது போதாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தகராறாக முளைக்கலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள், "முன்னாடி வெச்சிருந்தவர் மாத்தினது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்க வேண்டாம். சாலையில் பிடிபடும்போது ஓட்டுகிறவரிடம்தான் கேட்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே சைலன்ஸரில் கம்பெனி முத்திரை இருக்கிறதா, வெல்டிங் தழும்பு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். கழற்றிய அசல் சைலன்ஸர் விற்பவரிடம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி, மாட்டிய பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.