மூடுபனியில் ஹேமல்டவுன்: கேச் தேடி நடந்து, வைட்கம் பப்பில் முடிப்பது எப்படி

ஜியோகேச்சிங் என்பது, யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியை (அதுதான் கேச்) ஜி.பி.எஸ். துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு வரும் விளையாட்டு. இங்கிலாந்தின் டெவன் பக்கம் வசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஜியோகேச்சிங் நடை இதுதான். டார்ட்மூர் என்ற திறந்த மேட்டுநிலத்தில் (மூர்), கிரிம்ஸ்பவுண்டில் தொடங்கி, ஹேமல்டவுன் மேட்டின் மேலேயே நடந்து, வைட்கம் கிராமத்தில் இறங்க வேண்டும். தூரம் ஆறு கிலோமீட்டர் சொச்சம். நவம்பர் மூடுபனியில் நானும் மனைவியும் வேண்டுமென்றேதான் கிளம்புவோம். மேட்டில் ஆளே இருக்காது, ஒளித்துவைத்த பெட்டியை நிதானமாகத் தேடலாம். ஆனால் பனியில் ஒரு முறை உண்டு: வழி கண்டுபிடிக்க வரைபடமும் திசைகாட்டியும், கடைசி இருபது மீட்டருக்கு மட்டும் போன்.

பாதி வேலை முந்தின இரவே முடிந்துவிட வேண்டும். மேட்டில் சிக்னலை நம்ப முடியாது, அதனால் கேச் விவரங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேச்சுக்கும் தேடும் சிரமம், நிலத்தின் சிரமம் இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு இருக்கும். பனி நாளில் இரண்டுமே 2க்கு மேல் இருந்தால் நான் தொடமாட்டேன். கடைசியாகத் தேடிய மூன்று நான்கு பேரும் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள். மிச்சத்தை பிரிட்டிஷ் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்28 வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 250 மீட்டர்.

இரண்டு கார் இருந்தால் ஒன்றை வைட்கமில் நிறுத்திவிட்டு மற்றொன்றில் கிரிம்ஸ்பவுண்டுக்குப் போவது வசதி. கிராமத்துப் பப்களில் பல, மதிய சமையலை இரண்டு மணிவாக்கில் நிறுத்திவிடும். பனியில், கேச்சும் தேடிக்கொண்டு நடந்தால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒன்பதரைக்குள் நடக்கத் தொடங்குங்கள்.

கிரிம்ஸ்பவுண்ட் வெண்கலக் காலக் குடியிருப்பு. பெரிய வட்டக் கல்சுவர், உள்ளே 24 வீடுகளின் அடித்தளம். அங்கே ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். தொல்சின்னங்களில் பெட்டி வைக்கக் கூடாது என்பது விதி, ஆகவே புரட்டிப் பார்க்க அவசியமே இல்லை.

அப்புறம் ஏற்றம். மேட்டின் உச்சியான ஹேமல்டவுன் டோர் 529 மீட்டர் உயரம். அங்கிருந்து தெற்கே, பழைய ஈமமேடுகளை ஒட்டி, சோமர்செட் பிரபு நட்ட எல்லைக் கற்கள் வரும். அவற்றில் 'டி.எஸ். 1854' என்று வெட்டியிருக்கும். பனியில் அவைதான் நமக்குத் துணை. அதே 1854இல்தான் சாக்ஃபோர்டைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், இந்த மூரின் வடக்கே கிரான்மியர் பூலில், வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையைப் போட்டுவிட்டுப் போக ஒரு பாட்டிலை வைத்தார். நம் விளையாட்டுக்கு அது ஒரு முன்னோடி போல. ஜியோகேச்சிங் வந்ததோ 2000 மே மாதம், ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கிய மறுநாள். 1854 என்று வெட்டிய கல்லைத் தொடும்போதெல்லாம் பெரட்டை நினைத்துக்கொள்வேன்.

ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது? வரைபடத்தில் திசையை எடுத்து, அந்தத் திசையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு புல்திட்டைக் குறிவைத்து, அதுவரை போய், மீண்டும் பாருங்கள். எதுவுமே தெரியாவிட்டால் துணையை முன்னே அனுப்புங்கள். உருவம் மங்கத் தொடங்கும் இடத்தில் நிற்கச் சொல்லி, 'கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்' என்று நேராக்கிவிட்டு நீங்கள் போய்ச் சேருங்கள். காலடியை எண்ணுவதும் முக்கியம். எனக்கு 100 மீட்டருக்கு 65 இரட்டைக் காலடி. உங்கள் கணக்கை வீட்டுப் பக்கம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடிந்தும் கல் வரவில்லையா, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். பக்கவாட்டில் இறங்கித் தேடவே வேண்டாம்.

கேச் அருகே வந்ததும் ஒருவர் பாதையிலேயே நிற்க வேண்டும், மற்றவர் தேட வேண்டும். பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் போன் முள் அலைபாயும். பனி ஜி.பி.எஸ்.ஸைத் தடுக்காது, ஆனாலும் போன் சில மீட்டர் தவறுவது சகஜம். போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். யாரோ அடுக்கியது போலத் தெரியும் சிறு கற்கள், பாறையின் காற்றுப் படாத பக்கம், அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். ஈரத்தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். பெட்டியை இருந்தபடியே மூடி வையுங்கள்.

இறக்கத்தில் கல்சுவர் ஒன்று கூட வரும், அதை ஒட்டி இறங்கினால் வைட்கம் பாதையைப் பிடித்துவிடலாம். தேவாலயத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ரகிள்ஸ்டோன் இன் என்ற பப். சேற்றுப் பூட்ஸை வாசலில் நன்றாகத் துடைத்துவிட்டு நேராக பாருக்குப் போய் ஆர்டர் சொல்லுங்கள், மேஜைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். மூர் நடைக்குப் பின் பிரின்ஸ்டவுனில் காய்ச்சும் ஜெயில் ஏல் என்ற பீர் கிடைத்தால் அதுவே எனக்குப் போதும். வண்டி ஓட்டுபவருக்கு மது இல்லாத ஜிஞ்சர் பீர்.

சாப்பாடு வரும்வரை, தேடிய கேச்கள் பற்றிய இணையப் பதிவுகளைப் போனில் எழுதி வையுங்கள், சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம். 'நன்றி' மட்டும் எழுதாமல், மூடி இறுகவில்லை, தாள் நனைந்திருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைப் படித்துத்தான் பெட்டியை வைத்தவர் புதுத் தாளோடு மேடேறுவார்.