கம்பி லைனில் ஆழக் குறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில், குறிப்பாக மான்டாக், பிளாக் ஐலண்ட், கேப் காட் பக்கங்களில், ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்குக் கம்பி லைன் போட்டு ட்ரோலிங் செய்வது பழைய பழக்கம். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் லூரை, அதாவது செயற்கை இரையை, இழுத்துப் போவார்கள். இந்த மீன் பெரும்பாலும் தரைப் பாறைகளை ஒட்டியே நிற்கும். வெறும் நைலான் நரம்பில் கட்டிய லூர் அதன் தலைக்கு மேல் வெகு உயரத்தில் ஓடிவிடும். மோனல் எனப்படும் நிக்கல்-செம்புக் கலவைக் கம்பியோ, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ தன் எடையாலேயே லூரைக் கீழே கொண்டுபோகும். வழக்கமாக ரீலில் 300 அடி கம்பி, அதற்கு அடியில் டேக்ரான் அல்லது பிரைடு எனப்படும் பின்னல் நூல், முன்முனையில் லூரைக் கட்ட 10, 15 அடி நைலான் லீடர் (இணைப்பு நரம்பு) இருக்கும். எவ்வளவு கம்பி வெளியே போயிருக்கிறது என்று தெரிவதற்காக 100, 150, 200 அடி என்று குறி வைப்பார்கள்.

இதில் நடக்கும் தவறுகளில் முதல் இடம், குறியையே ஆழம் என்று நம்பிவிடுவதற்குத்தான். 100 அடி கம்பிக்குச் சுமார் 10 அடி ஆழம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி 300 அடி கம்பி விட்டால் லூர் 30 அடியில் ஓட வேண்டும். கணக்கு தப்பில்லை, ஆனால் அது இரண்டரை, மூன்று நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில், நடுத்தர எடை லூருக்குப் பொருந்தும் கணக்கு. கனமான பக்டெயில் ஜிக் (ஈயத் தலையும் முடிக்கற்றையும் கொண்ட லூர்) கட்டினால் இன்னும் இறங்கும். பல கைகள் விரிந்த அம்ப்ரெல்லா ரிக்கைத் தண்ணீர் பிடித்து இழுப்பதால் அதற்குக் கணக்கே வேறு. கம்பி மெலிதாக இருந்தால் தண்ணீரின் தடை குறையும், அதனால் கூடுதல் ஆழம் போகும். குறி சொல்வது நீளத்தை மட்டும். ஆழத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேக விஷயத்தில் ஜிபிஎஸ் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. அது காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். கம்பிக்குத் தெரிவதோ தண்ணீரைப் பொறுத்த வேகம் மட்டுமே. நீரோட்டம் பின்னாலிருந்து 2 நாட் தள்ளுகிறது, ஜிபிஎஸ் 3 நாட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் படகு போவது 1 நாட்தான். கம்பி சரிந்து விழுந்து லூர் பாறையில் மாட்டும். அப்புறம் படகைத் திருப்பி, அதே நீரோட்டத்தை எதிர்த்து ஜிபிஎஸ்ஸில் அதே 3 நாட் வைத்தால், தண்ணீரில் அது 5 நாட். லூர் மேலே ஏறிவிடும். இரண்டு முறையும் வெளியே இருப்பது அதே 250 அடிக் குறி! லாங் ஐலண்ட் சவுண்டின் கிழக்கு வாயிலில் ‘தி ரேஸ்’ போன்ற வேகமான நீரோட்டம் உள்ள இடங்களில் இதைக் கவனிக்காமல் குறியை மட்டும் பார்த்து ஓட்டுவது வீண் வேலை. கம்பி தண்ணீருக்குள் நுழையும் சாய்வையும், ராடு (தூண்டில் கோல்) நுனி துடிக்கும் விதத்தையும் பார்த்து வேகத்தைச் சரிசெய்வதே நல்லது.

வரைபடத்தில் அச்சிட்ட ஆழத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கடல் வரைபடங்கள் தாழ்நீர் மட்டத்தை வைத்துத்தான் ஆழம் சொல்கின்றன. மான்டாக்கில் ஓதம் இரண்டு அடி அளவுக்கே ஏறி இறங்குவதால் பெரிய வித்தியாசம் வராது. கேப் காட் விரிகுடாவில் அது 9, 10 அடி வரை போகும். கைக்கணக்கின்படி பார்த்தால் அது 100 அடிக் கம்பிக்குச் சமம், அதாவது இரண்டு குறிகள்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து சோதித்துப் பார்ப்பதுதான். எக்கோ சவுண்டரில் ஆழம் தெளிவாகத் தெரிகிற, பாறையில்லாத மணல் தரையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான லூரைக் கட்டி, வழக்கமான வேகத்தில் ஓட்டிக்கொண்டு, லூர் தரையைத் தட்டும்வரை கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எந்தக் குறியில் தட்டியது, அப்போது ஆழம் என்ன, இன்ஜின் ஆர்.பி.எம். என்ன, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். லூரை மாற்றினால் சோதனையும் மறுபடி. உங்கள் படகுக்கு, உங்கள் கம்பிக்கு இந்தக் குறிப்பேடு தரும் கணக்கை வேறு எந்த அட்டவணையும் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

குறி போடும் வேலைக்கு வருவோம். நீளத்தைக் கையால் அளப்பது பலர் செய்யும் தப்பு. நம் கடற்கரையில் கைவிரித்துப் பாகக் கணக்கில் அளப்பார்கள். அளக்கிறவர் ஒருவரே என்றால் அது போதும். ஆனால் இரண்டு ராடுகளில் இரண்டு பேர் அளந்த குறி இருந்தால் இரண்டும் ஒரே ஆழத்தில் ஓடாது. திறந்த வெளியில் 50 அடி இடைவெளியில் இரண்டு கம்பம் நட்டு, அளவு டேப்பால் சரிபார்த்து, கம்பியை இறுக்கமாகப் பிடித்தபடி அளக்க வேண்டும். தளர விட்டால் சுருண்டு மடியும். அளவை லீடரும் கம்பியும் சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். லீடரின் நீளம் அடிக்கடி மாறும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குறி ராடு நுனியைத் தாண்டும்போது எண்ணுவதா, தண்ணீரைத் தொடும்போது எண்ணுவதா என்பதையும் படகில் எல்லோரும் ஒன்றாக முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எதைக் கொண்டு குறி போடுவது? பெயிண்டும் மார்க்கர் பேனாவும் ராடு வளையங்களில் உரசிச் சீக்கிரம் போய்விடும். இன்சுலேஷன் டேப் தடித்துப் போய் வளையத்தில் தட்டும், வெயிலில் பசை இளகி வழியும். கம்பியை வெட்டி நடுவில் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போட்டுக் குறியாக்குவது இன்னும் மோசம்: ஒவ்வொரு இணைப்பும் அறுந்துபோக ஒரு வாய்ப்பு. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய டெலிபோன் ஒயரையோ மெழுகு நூலையோ நெருக்கமாக, ஒரே அடுக்காகச் சுற்றி, முனைகளை உள்ளே இழுத்து முடிப்பதே நிலைக்கும். நூல் என்றால் மேலே வளைந்துகொடுக்கும் பசை ஒரு பூச்சு. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஸ்ட்ரைப்ட் பாஸ் வேட்டை பெரும்பாலும் விடியலிலும் இரவிலும் நடக்கும். அந்த இருட்டில் சிவப்பு எது, பச்சை எது? 100 அடிக்கு ஒரு சுற்றுக்கட்டு, 150க்கு இரண்டு, 200க்கு மூன்று என்று வைத்தால் கட்டைவிரல் தொட்டே சொல்லிவிடும்.

ராடு வளையத்தையும் பாருங்கள். கம்பி சாதாரண வளையத்தில் பள்ளம் அறுத்துவிடும், குறி அதில் சிக்கும். கார்பைடு வளையங்கள் தாங்கும். உருளை வளையம் என்றால் உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பி நழுவாத தரமானதாக இருக்க வேண்டும்.

குறி போட்டதோடு வேலை முடிந்ததாக நினைப்பது அடுத்த தவறு. கம்பியில் மடிப்பு விழுந்தால் நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது, அந்த இடத்திலேயே அறுந்துவிடும். வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுவது பெரும்பாலும் லூர் பக்கம். 12 அடி வெட்டினால் 100 அடிக் குறி இப்போது 88 அடி. மற்ற எல்லாக் குறிகளும் அதே அளவு பொய் சொல்கின்றன. ஒருமுறை வெட்டினால் ராடு கைப்பிடியில் எழுதி ஒட்டுங்கள், 20 அடியைத் தாண்டினால் எல்லாக் குறிகளையும் புதிதாகப் போடுங்கள்.

கம்பி விடும்போது படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டைவிரல் ரீலை லேசாக அழுத்தியபடி இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தளர விட்டால் ரீலில் கம்பி குலைந்து சிக்கும், மடிப்பும் விழும். படகைச் சட்டென்று வளைத்தாலும் இதே கதைதான்: வளைவின் உள்பக்கக் கம்பி வேகம் இழந்து தரையில் விழும், வெளிப்பக்கக் கம்பி மேலே ஏறும். பெரிய வட்டமாகத் திருப்புங்கள். குறியைத் தொட்டுப் பார்க்கிற விரலுக்குத் தோல் உறை போடுங்கள். லூர் பாறையில் மாட்டிக்கொண்டால் எக்காரணம் கொண்டும் கம்பியைக் கையில் சுற்றி இழுக்க வேண்டாம், சதையை அறுத்துவிடும். படகைப் பின்னால் கொண்டுபோய், வந்த திசைக்கு எதிர்ப்புறமிருந்து விடுவித்துப் பாருங்கள். வரவில்லையென்றால் லீடர் அறுந்து போகட்டும். கம்பியை விட வலு குறைந்த லீடர் கட்டுவதே அதற்காகத்தான்.